பிரேக் வேலைக் குறிப்புகள்: வீட்டில் செய்த கருவி, கடையில் வாங்கிய கருவி

ஜூன் 7, சனி

முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடிப்பது), பின்னால் டிரம் பிரேக் (சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்துவது) உள்ள சிறிய காரை வைத்தே இந்தக் குறிப்புகள். நம் தெருக்களில் ஓடுவதில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. பிரேக்கைப் பிரிப்பதென்றால் கடையில் வாங்கிய, எடை அளவு பொறித்த ஸ்டாண்ட் வேண்டும். ஹாலோ பிளாக் அடுக்குவது ஆபத்து. அது வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். வெல்டிங் பட்டறையில் செய்த ஸ்டாண்டும் வேண்டாம். ஒட்டு எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. கருவியைத் தேர்வு செய்ய நாம் கேட்பது ஒன்றுதான்: இது தோற்றால் கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, சாய்வாக அறுத்த மரக்கட்டை கடைப் பொருளைவிட ஒன்றும் குறைவில்லை. பின் டிரம்மைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும். அதனால் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்கவும்.

ஜூன் 8, ஞாயிறு

முன் பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) மாற்றம். தடித்த புதுப் பேடுக்கு இடம் விட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும்; அதற்குத் தனிக் கருவி விற்கிறார்கள். தேவையில்லை. ஹார்டுவேர் கடையின் 4 அல்லது 6 அங்குல சி கிளாம்ப்பும் தேய்ந்த பழைய பேடும் போதும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, அதன் நடுவில் கிளாம்ப்பை முறுக்கினால் பிஸ்டன் கோணாமல் போகும். கிளாம்ப்பை நேராகப் பிஸ்டன் விளிம்பில் வைத்தால் சாய்ந்து சிக்கும்.

தள்ளும் முன் பிளீடர் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) குழாய் மாட்டிக் கொஞ்சம் திறந்துவிடுவது நல்லது. காலிப்பரில் (பிஸ்டனும் பேடும் இருக்கும் பிடி) தேங்கிய அழுக்கு பிரேக் ஆயில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) பக்கம் திரும்பாமல் வெளியே வரும். பிஸ்டன் நின்றதும், கிளாம்ப்பைத் தளர்த்தும் முன்பே, நிப்பிளை மூடவும். இல்லையென்றால் காற்று ஏறும்.

காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. தடித்த கம்பியை இரு முனையும் வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டினால் கொக்கி தயார். இதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை என்ன சொல்வது! ஸ்லைடு பின்னுக்கு (காலிப்பர் நகரும் கம்பி) மட்டும் சிலிக்கோன் கிரீஸ் வாங்கவும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை உப்பவைத்து, பின்னை இறுக்கிவிடும்.

பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் கிளாம்ப்பை எடுக்கும் முன் பிஸ்டன் முகத்தைப் பாருங்கள். பள்ளங்கள் இருந்தால் அது திருகி உள்ளே போகும் வகை. அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் அமைப்பு உடையும். ஆங்கிள் கிரைண்டரின் இரட்டைமுனைச் சாவி சில கார்களுக்குப் பொருந்தும். ஆனால் அழுத்திக்கொண்டே திருக வேண்டியிருப்பதால் கை வழுக்கும். இங்கே பிஸ்டனைத் திருகித் தள்ளும் கடை செட்டே மேல். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால், ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் தொடவே வேண்டாம்.

ஜூன் 14, சனி

பிளீடிங், அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. வீட்டுக் கருவி அதிகம் புழங்குவது இதில்தான். தவறாகப் புரிந்துகொள்வதும் இதில்தான்.

பாட்டில் முறை: மூடியில் இரண்டு துளை. ஒன்றில் மீன்தொட்டிக் காற்றுக்குழாய், மற்றது காற்று வெளியேற. குழாயின் முனை பாட்டிலில் உள்ள புது ஆயிலுக்குள் 3 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். நிப்பிளிலிருந்து குழாய் முதலில் மேலே ஏறி, பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும்; குமிழி மேலே போய்விடும். நிப்பிள் கால் சுற்று திறந்தால் போதும். பெடலை மெதுவாக அழுத்தி மெதுவாக விடவும். மேலே உள்ள டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்; தீர்ந்து காற்று ஏறினால் எல்லாம் முதலிலிருந்து.

பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதித்ததும் ஆயிலை அழுத்தும் உருளை) வழக்கமாகச் சீல் போகாத பகுதியில் துரு இருக்கும். அது சீலைக் கிழிக்கும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் வாங்கியவர்கள், குமிழி நிற்கவே இல்லை என்பார்கள். பெரும்பாலும் அந்தக் காற்று பிரேக் லைனில் இருந்து வருவதல்ல. திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. மேல் டப்பாவிலிருந்து ஆயிலை அழுத்தி வெளியேற்றும் முறையில் இந்தக் குழப்பம் இல்லை. அதற்காகச் செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரை மாற்றிப் பயன்படுத்துவார்கள். யோசனை சரிதான், ரப்பர்தான் சிக்கல். அதன் சீல் நைட்ரைல் ரப்பர் என்றால் பிரேக் ஆயிலில் உப்பிக் கெட்டுப்போகும். ஈபிடிஎம் ரப்பர் மட்டுமே தாங்கும். மருந்து அடித்த ஸ்பிரேயரைக் கழுவிப் பயன்படுத்துவது கூடவே கூடாது. அழுத்தம் 1 பார், அதாவது சுமார் 15 பிஎஸ்ஐ, போதும். அதற்கு மேல் ஏற்றினால் டப்பா மூடி பறக்கும், பெயின்ட் முழுக்க ஆயில். பட்ட இடத்தைத் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வருடம் ஒருமுறை செய்கிறவருக்குப் பாட்டிலும், பெடல் மிதிக்க வீட்டில் ஒருவரும் போதும்.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம். டாட் 4 (பிரேக் ஆயில் வகை) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. திறந்து மாதக்கணக்கில் கிடந்த மீதிப் பாட்டிலைத் தூக்கிப்போடவும்.

ஜூன் 15, ஞாயிறு

பிரேக் பைப் நட். பெரும்பாலும் 10 மி.மீ. சாதாரண ஓபன் ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனரில் வாய் வெட்டி ஃபிளேர் ஸ்பேனர் ஆக்கலாம், ஆனால் சுவர் தடித்த, ஆறு மூலை ஸ்பேனராக இருக்க வேண்டும். மலிவான பன்னிரண்டு மூலை ஸ்பேனர் வெட்டியதும் விரியும். விலை பார்த்தால் வாங்குவதே லாபம்.

பைப்பைக் கழற்றியதும் ஆயில் சொட்டாமலிருக்க, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே குச்சி கொடுத்துப் பெடலைக் கொஞ்சம் அழுத்தியபடி நிறுத்தலாம். டப்பாவிலிருந்து ஆயில் வரும் மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதன் ஃபியூஸை எடுத்துவிடவும். ரப்பர் ஹோஸைக் கிரிப் பிளையரால் நசுக்குவது வேண்டாம். உள்சுவர் கிழிந்தால் வெளியே தெரியாது.

ஜூன் 21, சனி

டிரம். வெளியே வராவிட்டால் உடனே சுத்தியல் வேண்டாம். முகத்தில் மரை போட்ட இரண்டு துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஜப்பானிய வடிவமைப்புகளில் இருக்கும், பெரும்பாலும் எம்8. அந்த அளவு போல்ட் இரண்டை மாற்றி மாற்றி அரைச் சுற்று இறுக்கினால் டிரம் நேராக வரும். இழுத்தெடுக்கும் புல்லர் வாங்க வேண்டாம்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கை (பெடலை விட்டதும் பிரேக் கட்டையைப் பின்னிழுப்பது) ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கண்ணை நோக்கிப் பறக்கும். ஸ்பிரிங் பிளையர் வாங்குங்கள், கண்ணாடியும் போடுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் பிரித்தால், எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று பார்க்க மாதிரி இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைக்கவும்.

ஜூன் 22, ஞாயிறு

டிஸ்க் தடிமன். விளிம்பில் துரு மேடு இருக்கும். வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) அதன் மேல் உட்கார்ந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். இரு பக்கமும் ஒரே வகை நாணயத்தை மேட்டுக்கு உள்ளே வைத்து அளந்து, இரண்டு நாணயத் தடிமனையும் கழிக்கவும். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வாங்கத்தான் வேண்டும். காலிப்பர் ஸ்லைடு போல்ட் சிறியது. கை மதிப்பில் இறுக்கினால் மரை போகும். வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கே இறுக்கவும். சக்கரம் மாட்டியதும், என்ஜின் போடும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கவும். தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது.