நாகஸ்வரம், தவில் பதிவுக்கு 9 வோல்ட் மைக் பெட்டி: செய்து பார்த்தது

கையடக்க ரெக்கார்டரில் கோவில் மண்டபக் கச்சேரி. மைக் மேடையிலிருந்து பத்தடியில். மீட்டர் மைனஸ் 15 டெசிபெல்லைத் தாண்டவே இல்லை; ஆனால் போட்டுக் கேட்டால் தவில் வலந்தலையில் விழும் ஒவ்வொரு சொல்லும் கிழிந்து வருகிறது. கெயினைப் பாதியாக்கினாலும் கிழிசல் அப்படியே இருக்கிறது, சத்தம்தான் குறைகிறது. கணினியில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் தெரியும்: அலையின் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் சீவியது போலத் தட்டை, மறுபக்கம் ஒழுங்கு. ரெக்கார்டரில் நிரம்பி வழிந்திருந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் தட்டையாகியிருக்கும், அதுவும் மீட்டரின் உச்சியில். இங்கே மைக் கேப்சூலுக்குள்ளேயே (ஒலியை மின்னலையாக்கும் சிறு உருளை) அலை வெட்டுப்படுகிறது. எவ்வளவு பெரிய சிக்னலையும் வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினாலும் இது தீராது; வெட்டுப்பட்டதைத்தான் அது துல்லியமாகப் பதியும்.

அளந்தது

கேப்சூல் ப்ரிமோ ஈஎம்172, இரண்டு. எலெக்ட்ரெட் வகை, உள்ளே ஒரு எஃப்ஈடி (சிறு டிரான்சிஸ்டர்) உண்டு, அதற்குத்தான் மின்சாரம் வேண்டும். 3.5 மிமீ மைக் ஜாக் வழியாக ரெக்கார்டர் தரும் 'பிளக்-இன் பவர்' வெறும் ஜாக்கில் 2.4 வோல்ட். கேப்சூலை மாட்டியதும் அதன் இரு முனைகளுக்கிடையே 1.5 வோல்ட்தான் மிஞ்சியது. எஃப்ஈடி ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய 1 வோல்ட் கீழே இருந்தாக வேண்டும். ஆக அலை கீழ்நோக்கி ஆட மிச்சம் அரை வோல்ட். இந்தக் கேப்சூலின் உணர்திறன் மைனஸ் 28 டெசிபெல், அதாவது 1 பாஸ்கலுக்குச் சுமார் 40 மில்லிவோல்ட். 114 டெசிபெல் சத்தம் என்பது 10 பாஸ்கல். அதன் உச்சம் 0.56 வோல்ட். அரை வோல்ட் போதவில்லை. வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் இதே அமைப்பு குறையில்லாமல் ஓடும். தவிலின் முதல் அடியிலேயே குட்டு உடைந்துவிடும்.

பெட்டி

கேப்சூலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தருவதே இந்தப் பெட்டியின் வேலை. தேவையானவை: 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், ஒரு ஸ்லைடு சுவிட்ச், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் 2, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் 2, 100 கிலோஓம் 2, ஸ்டீரியோ ஜாக் 2, ஒரு தகர டப்பா. சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும், கேப்சூலைத் தவிர.

பேட்டரி நேர்முனையிலிருந்து சுவிட்ச். அங்கிருந்து இரண்டு 4.7 கிலோஓம், ஒன்று மைக் ஜாக்கில் இடது மைக்கின் டிப்புக்கு (நுனி), மற்றொன்று வலது மைக்கின் ரிங்குக்கு (நடு வளையம்). அதே இரு புள்ளிகளிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக வெளி ஜாக்கின் டிப்பும் ரிங்கும். வெளி ஜாக்கில் ஒவ்வொரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 கிலோஓம். ஸ்லீவ் (ஜாக்கின் அடிப்பகுதி) இரண்டும், பேட்டரி எதிர்முனையும், தகர டப்பாவும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் செய்தால் ட்யூப்லைட் இரைச்சல் உள்ளே வரும்.

கேப்சூலின் பின்னால் இரண்டு திட்டுகள். எது உலோக ஓட்டோடு சேர்ந்திருக்கிறதோ அது கிரவுண்டு. ஷீல்டு அதற்கு, நடு ஒயர் மற்றதற்கு. 25 வாட் சால்டரிங் இரும்பு, ஒரு திட்டுக்கு 2 நொடிக்கு மேல் கூடாது. திட்டுகளுக்கும் ஒயருக்கும் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டால் அதுவே போதும். எலெக்ட்ரெட் படலம் சூட்டில் தன் மின்னூட்டத்தை இழக்கும். சூடுபட்ட கேப்சூல் செத்துப்போகாது, சத்தம் குறைந்து நிற்கும். இடது, வலது சமமில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

சரிப்படாதவை

முதலில் போட்டது 0.1 மைக்ரோஃபாரட், கையில் இருந்தது என்பதால். ரெக்கார்டரின் 10 கிலோஓம் லைன்-இன்னோடு (மைக் ஜாக்கைவிடப் பெரிய சிக்னலுக்கான நுழைவு) சேர்ந்து சுமார் 108 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கரைந்தது. தவிலின் தொப்பி தகரத்தில் தட்டியது போல் கேட்டது. அடுத்து 10 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக். தொப்பி வந்தது, கூடவே மண்டபக் காற்றின் உறுமலும் வந்தது. சுவிட்ச் போட்டால் மீட்டர் அடங்கச் சில நொடி பிடித்தது. 1 மைக்ரோஃபாரட் ஃபிலிமில் எல்லை 11 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது, திசை மாற்றிப் போட்டுவிடுவோமோ என்ற கவலையும் இல்லை.

100 கிலோஓம் வேண்டாத ஒன்றாகத் தோன்றும். அதை விட்டுவிட்டால் வெளிப்பக்கம் மின்னேற்றத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். பிளக்கைச் செருகும்போது 'டப்' என்று ரெக்கார்டருக்குள் பாயும்.

பெட்டியை மாட்டிய பிறகு ரெக்கார்டர் மெனுவில் பிளக்-இன் பவரை அணைக்க வேண்டும். பெட்டியை லைன்-இன்னில் செருகுவதே நல்லது. 4.7 கிலோஓமும் 10 கிலோஓமும் பங்குபோடுவதில் ஒலியளவில் மூன்றில் ஒரு பங்கு போகும். தவிலுக்கு அது நட்டமே இல்லை.

அருகில் யாராவது கைபேசியை எடுத்தால் 'ட்ர்ர்ட்-ட்ர்ர்ட்' என்று புகுந்தது. கேப்சூலின் இரு திட்டுகளுக்கு நேர் குறுக்கே 33 பிகோஃபாரட், 10 பிகோஃபாரட் செராமிக் ஒவ்வொன்று வைத்ததும் நின்றது. பெட்டிக்குள் வைத்துப் பயனில்லை. ஒயரே ஆன்டெனா என்பதால் கேப்சூலிலேயே வைக்க வேண்டும்.

இப்போது

கேப்சூலில் 7.6 வோல்ட் நிற்கிறது. கீழ்ப்பக்கத் தட்டை மறைந்தது. ஆனால் மேல்பக்கம் எஃப்ஈடியின் சொந்த எல்லை அப்படியே இருக்கிறது. ரெசிஸ்டரை மாற்றினாலும் அலையும் எல்லையும் சேர்ந்தேதான் ஏறி இறங்கும். கேப்சூல் தாங்கும் உச்சம் வரை பெட்டி கொண்டுபோகும், அதற்கு மேல் இல்லை. மேடையை ஒட்டி வைக்க வேண்டுமானால் உணர்திறன் குறைந்த கேப்சூல் வேண்டும், அல்லது ஒலிப் பொறியாளர் ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் சொன்னபடி ஓட்டுக்கும் எஃப்ஈடியின் சோர்ஸ் முனைக்கும் இடையிலுள்ள இணைப்பை வெட்டி மூன்று ஒயராக்க வேண்டும். அவர் அதைச் செய்தது பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ-வில். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அந்தப் பெயரில் போலிகள் புழங்குகின்றன.

தவில்காரரை அழைக்காமலே சோதிக்கலாம்: மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓங்கிக் கைதட்டி, பெட்டியோடும் இல்லாமலும் பதிந்து அலையைப் பாருங்கள்.

எக்ஸ்எல்ஆர் உள்ள ரெக்கார்டர் என்றால்

அந்த மூன்று பின் மைக் இணைப்பில் ரெக்கார்டர் மைக்குக்குத் தருவது 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம். 10 வோல்ட் தாங்கும் கேப்சூலை, உள்ளே மின்னழுத்தம் குறைக்கும் சுற்று இல்லாத மலிவு அடாப்டர் வழியாக மாட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஃபான்டத்துக்கென்றே செய்த மைக் இருந்தாலும், ரெக்கார்டர் உண்மையில் 48 தருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது: மல்டிமீட்டரில் 1, 2 பின்களுக்கிடையே 44 முதல் 52 வோல்ட். பிறகு மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி அதே பின்களில் வைத்தால் 7 மில்லிஆம்பியர் காட்ட வேண்டும், ஏனெனில் உள்ளே 6.8 கிலோஓம். வோல்ட் சரியாக இருந்து இது 3, 4 என்று நின்றால், இரண்டு மைக் மாட்டியதும் மின்னழுத்தம் படுத்துவிடும்.

பவர் பேங்க் மாட்டுவோருக்கு: ரெக்கார்டர் குறைவாக இழுக்கிறது என்று அது தானாக அணைந்துகொள்ளும், பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில். வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்டியில் எல்ஈடி வைக்கவில்லை. இரண்டு கேப்சூலும் சேர்ந்து 0.6 மில்லிஆம்பியர்தான் குடிக்கின்றன; 500 மில்லிஆம்பியர்-மணி ஆல்கலைன் பேட்டரி 800 மணி நேரம் வரும். ஒரு எல்ஈடி 5 மில்லிஆம்பியர் கேட்கும். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும்.