சேர்வராயன் மலையில் லீக் சுற்று

2024 ஜூன் நடுவில், இருபது ஓவர் உலகக் கோப்பையின் லீக் சுற்று முடிவை நெருங்கிய வார இறுதியில், நானும் என் மைத்துனரும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறினோம். அடிவாரம் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கும்வரை எங்கள் பேச்சு இந்தியா, பாகிஸ்தான், அமெரிக்கா இருந்த ஏ பிரிவைவிட்டு விலகவே இல்லை. ஜூன் 6 அன்று டல்லாஸில் அமெரிக்கா சூப்பர் ஓவரில் பாகிஸ்தானை வீழ்த்தியதிலிருந்து அந்தப் பிரிவின் கணக்கே மாறிப்போயிருந்தது. இரு அணிகளும் 159 ரன்களில் சமநிலையில் நிற்க, வெற்றியைத் தீர்மானிக்கும் அந்தக் கூடுதல் ஓவரில் எடுத்த 18 ரன்களை அமெரிக்காவுக்காகக் காத்தவர் சௌரப் நேத்ரவால்கர். மும்பையில் பிறந்து, 2010இல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, பின்பு அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளரான அவரைப் போன்றவர்களைப் பெரிய அணிகளுக்கு எதிரே நிறுத்துவது லீக் சுற்று மட்டுமே. ஆகவே அரையிறுதியைவிட எனக்கு அதுவே பிரியமானது.

வெள்ளிக்கிழமை இரவு, ஒண்டிக்கடை அருகே மிளகாய் பஜ்ஜியும் காப்பியும் முடித்து விடுதிக்குத் திரும்பியபோது, ஃபுளோரிடாவின் லாடர்ஹில் மைதானத்தில் அமெரிக்காவும் அயர்லாந்தும் ஈரத் தரை காய்வதற்காகக் காத்திருந்தன. டாஸ்கூடப் போடாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. ஒரு புள்ளி பெற்று ஐந்து புள்ளிகளுடன் அமெரிக்கா அடுத்த சுற்றான சூப்பர் 8க்கு முன்னேற, பாகிஸ்தான் அன்று களமிறங்காமலேயே வெளியேறியது.

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு, மேற்கிந்தியத் தீவுகளின் கிங்ஸ்டவுனில் தென்னாப்பிரிக்காவும் நேபாளமும் மோதின. சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் மூடுபனியில் மறைந்திருந்தன. விடுதிச் சமையலறையில் பணிபுரியும் நேபாள இளைஞர்கள் இருவர் எங்களுக்கு முன்பே கைப்பேசியுடன் அமர்ந்திருந்தார்கள். குஷால் புர்டெல் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்த, தென்னாப்பிரிக்கா 115 ரன்களில் அடங்கியது. ஆசிஃப் ஷேக் 42 ரன்கள் வரை நின்று ஆடியபோது, “ஜெயிச்சிடுவோம்ணா” என்று அவர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தென்னாப்பிரிக்கச் சுழற்பந்துவீச்சாளர் ஷம்சி நான்கு விக்கெட்டுகளை எடுத்து ஆட்டத்தைத் திருப்பினார். கடைசிப் பந்தில் இரண்டு ரன்கள் தேவை; பந்து மட்டையில் படவில்லை, ஓடியவர் ரன் அவுட் ஆனார். ஒரே ஒரு ரன்னில் தோற்று, நேபாளம் தொடரிலிருந்து வெளியேறியது. இளைஞர்கள் எதுவும் பேசாமல் எழுந்து இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினார்கள்.

அன்று சேர்வராயன் கோவிலுக்குப் போனோம். பார்த்ததைவிடப் பேசியதே அதிகம். இரவு இந்தியாவும் கனடாவும் ஆடவேண்டிய ஆட்டமும் அதே லாடர்ஹில்லில் கைவிடப்பட்டது. 11ஆம் தேதி நேபாளம் இலங்கையை எதிர்கொள்ளவிருந்த ஆட்டமும் அங்கேதான் மழையில் போயிருந்தது. இறுதிப் போட்டிக்கு மாற்று நாள் ஒதுக்கியவர்கள் லீக் சுற்றின் 40 ஆட்டங்களில் ஒன்றுக்குக்கூட ஒதுக்கவில்லை. ஓர் ஆட்டம் போனால் இந்தியாவுக்கு இழப்பில்லை. 2014க்குப் பிறகு பத்து ஆண்டுகள் காத்திருந்து இத்தொடருக்கு வந்த நேபாளத்துக்கு, கிடைத்த நான்கில் ஒன்றைப் பறிப்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன். ஃபுளோரிடாவில் ஜூன் மழைக்காலம் என்பது அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியாததன்று.

ஞாயிறன்று மலையிறங்கியதும், ஓமலூர் வழியாகச் சின்னப்பம்பட்டிக்குச் சென்று, அவ்வூரைச் சேர்ந்த வேகப்பந்துவீச்சாளர் நடராஜன் அமைத்த மைதானத்தைப் பார்த்தோம். வலைப்பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்ற அவர், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே, ஒரே சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்காக டெஸ்ட், ஒருநாள், இருபது ஓவர் என மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். மற்றவர்கள் காயமடைந்ததால் திறந்த வழி அது. ஆனால் அன்று அவர் பந்துவீச ஓர் ஆட்டம் நடந்தது. மைத்துனர் இதைச் சொன்னபோது நான் நேபாளத்தின் மழையில் போன ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் அதிகாலை வங்கதேசத்திடம் 21 ரன்களில் தோற்ற நேபாளம், ஒரே ஒரு புள்ளியுடன் ஊர் திரும்பியது. அந்தப் புள்ளியும் ஆடாத ஆட்டத்துக்குக் கிடைத்தது.