வாளிக்குள் கிடந்த 26 ரவைகள்

தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டப் போய், பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுத்து முடித்த கதை இது. இலங்கையின் வன்னியில், போர் நடந்த புதுக்குடியிருப்புப் பக்கம் காணி உள்ளவர்களுக்கு இதில் பெரிய புதினம் இராது. ஆனால் கண்டெடுத்த பொருளைப் பற்றிப் பேசுகிற நாங்கள், கண்டெடுத்த பிறகு செய்கிற மடைத்தனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டு மடைத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

2011இல் மீளக் குடியேறியபோது, மிதிவெடி அகற்றியவர்கள் பார்த்துக் கையளித்த வளவுக்குள்தான் வந்தோம். அவர்கள் குறித்த ஆழம் வரைதான் தேடுவார்கள். 2009இல் ஷெல்லடிக்கு ஒளிய வெட்டிய பங்கர்களோ ஆள் ஆழம். எங்கள் வளவில் மூன்று பங்கர்கள் இருந்தன. வந்து பார்த்தபோது மூன்றுமே தூர்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல்தான் கிடங்கு வெட்டுகிறோம் என்பது, அலவாங்கின் நுனியில் ஒரு சேலைக்கரை சிக்கியபோதுதான் தெரிந்தது. அந்த நாட்களில் மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சேலைகளைக் கிழித்துத் தைத்தோம். நீலக்கரை. மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார்.

சேலைக்கு மேலே ஒரு சாண் கனத்தில் சாம்பல் படிந்திருந்தது. வளவு கூட்டிய குப்பையைப் பல வருடங்களாக அந்தப் பள்ளத்தில்தான் எரித்து வந்திருக்கிறோம். கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தச் சாம்பலை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்கும் கீழே பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று, மூடி துருவேறி, பாதி திறந்தபடி. உள்ளே துவக்கு ரவைகள், களிம்பு பிடித்துப் பச்சைப் பாசி போலிருந்தன. மச்சானுக்குக் கண்ணில் பட்டது பித்தளை. பழைய இரும்பு வாங்க வருகிறவர் பித்தளைக்கு நல்ல விலை கொடுப்பார் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கிப்போய்க் குசினிச் சுவரோரம் வைத்தார். ஒவ்வொன்றாக எண்ணினார்: 27. எனக்குப் பயமாக இருந்ததால் நான் அதைவிடப் புத்திசாலித்தனமான வேலை ஒன்று செய்தேன். நீல வாளியில் தண்ணீர் நிரப்பி எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன். நனைந்தால் மருந்து செத்துவிடும் என்பது என் கணக்கு.

மச்சான் திரும்பிப் போய் இன்னொரு கொத்துக் கொத்தினார். மண் சரிந்த இடத்தில் மீன்வால் போலத் தகடுகள் தெரிந்தன. மோட்டார் ஷெல்லின் வால். அலவாங்கைப் போட்டுவிட்டு, வந்த காலடியிலேயே பின்னால் நடந்து வந்தார். அந்த நாளில் நாங்கள் செய்த முதல் சரியான காரியம் அதுதான்.

பிறகு வந்தது ஷெல் பயமில்லை, கேள்விப் பயம். ரவை யாருடையது, ஏன் எடுத்தாய், வேறு என்ன வைத்திருக்கிறாய்? உரிமம் இல்லாதவர் ரவை வைத்திருப்பது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். வன்னியில் அந்தக் கேள்விக்கு வேறு கனமும் உண்டு. அதை விவரிக்கத் தேவையில்லை. ஆகவே நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ரவைகளைத் துடைத்து, பெட்டியில் அடுக்கி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றையும் தொடவில்லை என்று சொல்வது.

வாளியைத் தூக்கும் நேரத்தில் பக்கத்து வளவுப் பெரியவர் வேலியால் எட்டிப் பார்த்தார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. போரில் போனதென்றே அதுவரை நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. இளவயதில் பன்றிக்கு இடியன் துவக்கோடு போவாராம். மருந்து, சன்னம் எல்லாம் தானே இடித்துக் கட்டுவது. ஒருநாள் வில் தட்டியும் வெடிக்கவில்லை. பொறுக்காமல் கம்பியை விட்டுக் கிண்டி மருந்தை வெளியே எடுக்கப் போனார். உள்ளே புகைந்துகொண்டிருந்தது அப்போதுதான் எழும்பியது. “மருந்து போட்டதிலே பிழை இருந்தது, தம்பி. ஆனால் விரல் போனது அந்தப் பிழையிலே இல்லை, அதைத் திருத்தப் போனதிலே. வாளியை வைத்துவிட்டு வாருங்கள்.”

தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்துச் சுட்ட ஆட்கள் ஊரில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார். ஷெல்லுக்குள் இருக்கும் வெடிமருந்து நீரில் கரைவதில்லை என்பதைப் பின்னர் வந்தவர்களிடம் கேட்டு அறிந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் இதே ரகம்தான்.

வாளி இருந்த இடத்திலிருந்து அடுப்பு பத்தடிகூட இல்லை. மனைவி அடுப்பை அணைத்தார். ஆடுகளை அவிழ்த்து அடுத்த ஒழுங்கையில் கட்டினோம். கிடங்கிலிருந்து தள்ளி நாலு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். மத்தியானம் கடைப் பாணும் சம்பலும். கிராம அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பொலிஸுக்குச் சொன்னார். பொலிஸின் அவசர எண் 119க்கு நேரே எடுத்திருக்கலாம், ஆனால் அந்த எண்ணை அழுத்த மனம் வரவில்லை.

பொலிஸ் வந்ததும் நான் பொய் சொன்னேன். எவ்வளவு யோசித்தும் வாய் அந்தப் பழக்கத்தில்தான் போனது. “நாங்கள் ஒன்றையும் தொடவில்லை, ஐயா.” தமிழ் பேசிய இளம் உத்தியோகத்தர் வாளியைப் பார்த்தார், சுவரோரம் பதிந்திருந்த பெட்டியின் ஈரத்தடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஐயா, நான் உங்களைப் பிடிக்கக் கேட்கவில்லை. நாளைக்கு இதில் கை வைக்கப் போகிறவன் கேட்பான். எது அசைந்தது, எது அசையவில்லை?”

சொன்னேன். பெட்டி அசைந்தது; ஷெல்லை எவரும் தொடவில்லை. அலவாங்கு அதில் பட்டதா? மச்சானுக்கு நிச்சயமில்லை, அதையும் அப்படியே எழுதினார்கள். மேலே நெருப்பு எரித்ததுண்டா? பல வருடம். ரவை எத்தனை? 27. சுட்டும் வெடிக்காமல் விழுந்த ஷெல் என்றால் அதன் முனையில் உள்ள பொறி விழிப்போடு இருக்கக்கூடும், சிறு அசைவு போதும். சுடாமல் வைத்துவிட்டுப் போனதென்றால் நிலைமை வேறு. வெளியே நின்று பார்க்கும் எங்களுக்கு இரண்டும் ஒரே துருதான்.

பொலிஸார் மஞ்சள் நாடா கட்டிக் காவல் வைத்தார்கள். மறுநாள் நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போய் அனுமதி கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு வந்தது. ஒழுங்கையில் இருந்த வீட்டாரெல்லாம் கோயில் மடத்துக்குப் போனோம்.

சற்று நேரத்தில் ஆள் வந்து என்னையும் மச்சானையும் நாடாவுக்கு இப்பால் கூப்பிட்டார். வாளியில் 26தான்.

மச்சான் சத்தியம் செய்தார், இரண்டு தரம் எண்ணியதாக. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு வேறொருவரின் முகம் ஞாபகம் வந்தது. தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது. மடத்தில் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான், அதைத் திறக்க மாட்டேனென்று. கொம்பாஸ் பெட்டிக்குள், அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. களிம்பு போகச் செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். கோதின் அடியில், நடுவே இருக்கும் சிறு வட்டத்தையும் தேய்த்திருந்தான். துவக்கின் ஊசி அடிப்பது அந்த வட்டத்தில்தான். முதல்நாள் பள்ளிக்கூடம் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்திருக்கிறான்.

தங்கை அடிக்கக் கை ஓங்கினாள். வந்த அதிகாரி தடுத்தார். பையை அப்படியே நிலத்தில் வைக்கச் சொல்லி, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, தானே எடுத்தார். போகும்போது பையனிடம், “நீ சொன்னது நல்லது” என்று கொச்சைத் தமிழில் சொன்னார். உண்மையில் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள்தான் கண்டுபிடித்தோம். இருந்தாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகு பையன் தானாகவே வாய் திறந்தான்: கூடப் படிக்கிற ஒருவனிடமும் இப்படி ஒன்று இருக்கிறதாம். அது வேறு வீட்டுக்கு, வேறு நாடாவுக்குப் போன கதை.

ஷெல்லைக் கிளப்பவில்லை. சுற்றிலும் மண்மூட்டை அடுக்கி, இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தும், சத்தம் கேட்டதும் மாமி மடத்துத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று பேரும் அப்படித்தான். எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் தேநீர் கேட்டார்கள்.

பின்னர் மிதிவெடி அகற்றும் நிறுவனத்தார் வந்து மற்ற இரண்டு பங்கர்களும் எங்கே என்று கேட்டு, வரைந்து, குறியிட்டுப் போனார்கள்.  அவர்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது. தென்னம்பிள்ளையைக் கிணற்றடியில் வைத்தோம். வழக்கு எதுவும் வரவில்லை, வாக்குமூலத்தோடு முடிந்தது. ரவைகளோடு நீல வாளியையும் சான்றுப் பொருளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு தரம் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டேன். மனைவி சந்தையில் சிவப்பு வாளி ஒன்று வாங்கிவிட்டார்.