பத்திரத்தில் எழுதிய பிரசங்கம்

சென்னையில் ஒரு மின்னூலாக்க நிறுவனத்தில் ஆறு வருடம் பிழை திருத்தினேன். வெளிநாட்டு நூலகங்களின் பழைய புத்தகங்கள் ஸ்கேன் ஆகி வரும். ஓசிஆர் மென்பொருள் அதை எழுத்தாக மாற்றித் தப்பும் தவறுமாகத் துப்பும். படத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். “படிக்காதீங்கப்பா, பாருங்க” என்பார் டீம் லீடர். படிக்க ஆரம்பித்தால் டார்கெட் போச்சு.

அப்படியும் நான் படித்துவிட்ட ஆள் ஜோசையா கிரின்னெல். 1891இல் அவர் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறு அச்சானது. அதோடு ஓர் ஊர் வரலாறும் அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் ஒரே பேட்ச்சில் வந்தன. அந்தக் காலத்து அச்சு என்பதால் தொல்லை குறைவு. நூறு வருடம் முந்தைய புத்தகம் என்றால் எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி நீண்டு கிடந்து உயிரை வாங்கும்.

கிரின்னெல் 1821இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர், கிறிஸ்தவ சபைப் போதகர். அடிமை முறை தலைநகரிலேயே நடந்துகொண்டிருந்த காலத்தில், வாஷிங்டனில் நின்று அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். அங்கே நீடிக்க முடியவில்லை. நியூயார்க் போனார், தொண்டை கெட்டது. பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி அவரை மேற்கே போகச் சொன்னாராம். ‘மேற்கே போ, இளைஞனே’ என்ற புகழ்பெற்ற வாசகம் தனக்குச் சொல்லப்பட்டதுதான் என்பார் கிரின்னெல். கிரீலி அதை எழுதியதாக உறுதியான ஆதாரம் கிடையாது. சரி, நமக்கென்ன, உள்ளதை உள்ளபடி அடித்தேன்.

1854இல் அயோவா புல்வெளியில், ரயில் பாதை வரப்போகும் இடமாகப் பார்த்து, கூட்டாளிகளோடு ஊர் ஒன்றை உண்டாக்கினார். ஊருக்கு அவர் பெயரே வைத்தார்கள். நம்மூரில் பைபாஸ் வரும் என்று தெரிந்து பிளாட் போடுகிறவர்களின் சாமர்த்தியம் அவருக்கும் இருந்திருக்கிறது. ஆனால் மனை விற்ற பத்திரத்தில் ஒரு நிபந்தனை: அந்த இடத்தில் மது விற்றால் உரிமை போய்விடும், மனை விற்றவருக்கே திரும்பும்.

இந்த இடத்தில்தான் என் கை நின்றது. இந்த வேலைக்கு வருமுன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் இருந்தவன் நான். வில்லங்கம் இல்லை என்று எழுதி எழுதியே தேய்ந்த கை. இந்த மனிதரோ வில்லங்கத்தைத் தானே எழுதிச் சேர்த்திருக்கிறார். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், கிரயப் பத்திரத்தில் ஏறியதை அப்படி விட முடியாதே! மனை விற்ற பணத்தில் கல்லூரி நடத்துவது அடுத்த திட்டம். டேவன்போர்ட்டில் இருந்த அயோவா காலேஜ் அங்கே இடம் மாறியது. 1882 ஜூன் 17 அன்று சூறாவளி அதைத் தரைமட்டமாக்கியபோது, அறுபது வயதில் மறுபடி நிதி திரட்டக் கிளம்பினார்.

1859 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன், மிசூரியில் விடுவித்த அடிமைகளைக் கனடாவுக்கு அழைத்துப் போகும் வழியில், கிரின்னெல் வீட்டில் தங்கினார். அப்போது கிரின்னெல் மாநில செனட்டர். பதவி போகும் என்று பயந்து கதவைச் சாத்தியிருக்கலாம், சாத்தவில்லை. அதே வருடம் டிசம்பரில் பிரவுன் தூக்கில் தொங்கினார்.

1863இல் வாஷிங்டனுக்கே நாடாளுமன்ற உறுப்பினராகத் திரும்பினார் கிரின்னெல். 1866இல் சபையில் கென்டக்கி உறுப்பினர் ரூசோவின் போர்க்கள வீரத்தைக் கிண்டல் செய்தார். ரூசோ ராணுவ ஜெனரலாக இருந்தவர். ஜூன் 14 அன்று நாடாளுமன்றக் கட்டடத்திலேயே வழிமறித்துக் கைத்தடியால் விளாசிவிட்டார். கிரின்னெல் திருப்பி அடிக்கவில்லை. சபை ரூசோவைக் கண்டித்தது. அவர் ராஜினாமா செய்து, அதே தொகுதியில் நின்று, மறுபடி ஜெயித்து வந்தார். அடி வாங்கியவருக்கோ அந்த வருடம் கட்சி சீட்டே தரவில்லை.

அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு பக்கம் குறைந்தது. டீம் லீடர் வந்து நின்றார்.

“என்னப்பா ஆச்சு?”

“அடிதடி சார்.”

“யாருக்கு யாருக்கு?”

சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மேலே போ” என்றார். ஸ்க்ரோல் செய்தேன். அவர் படிக்கிற வேகத்துக்கு என் வேகமே தேவலை.