மனை வாங்கும் முன் அந்த ஊர் ஆயாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

பெரியவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே கேட்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வேலை, கல்யாணம் பற்றி அவர்கள் தரும் யோசனையில் பாதி அவர்கள் காலத்துக்கானது. ஆனால் தண்ணீர் விஷயம் வேறு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே வந்து தேங்கும் என்பது அதே ஊரில் ஐம்பது அறுபது வருஷம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், பத்திரத்தில் இருக்காது.

சென்னைப் புறநகரில் மனை வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், அப்ரூவல் கேட்கிறார்கள். எல்லாம் சரி, பக்கத்து ஏரி நிரம்பி, மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் எப்படிப் போகும்? நகரமே ஏரிகள் மேல் வளர்ந்ததுதானே. மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது, வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அதிர்ச்சி. பழைய ஆட்கள் 1976, 1985, 2005 என்று முந்தைய வெள்ளங்களையும் பார்த்தவர்கள்.

தாம்பரம் தாண்டி என் சித்தப்பா மகன் ஒரு மனை பார்த்தபோது நானும் கூடப் போனேன். "இங்க தண்ணியே நிக்காது சார்" என்றார் புரோக்கர். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயாவிடம் தண்ணி நிக்குமா என்று கேட்டதற்கு, "மழைன்னா நிக்காமலா" என்று முடித்துவிட்டார். அப்புறம், முன்னாடி இங்கே என்ன பயிர் வைப்பீங்க என்று கேட்டோம், அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார்: மேட்டுப் பக்கம் வேர்க்கடலை, இந்தப் பக்கம் நெல், ஐப்பசி மழையில் நாற்று அழுகும், ஏரி வழிந்தால் தண்ணி இந்த வழியாகத்தான் இறங்கும். நாங்கள் பார்த்த மனை நெல் பக்கம். வாங்கவில்லை.

ஆகவே ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி வேண்டாம். என்ன பயிர், அடைமழையில் மாட்டை எங்கே ஓட்டிக் கட்டுவார்கள், எந்த வருஷம் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். புது ரோட்டை உயர்த்திப் போட்டிருந்தால் தண்ணீர் வழி மாறியிருக்கும், அதனால் ரோடு வந்த பிறகு எப்படி என்றும் தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் பெரியவரின் மகனே புரோக்கராக இருந்தால் பேசாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள்.