மைலோமாவில் மாதாந்திர எலும்பு ஊசி: போடும் முன்னும் பின்னும்

மல்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் தொடங்கி எலும்பை அரித்து ஓட்டையாக்கும் ரத்தப் புற்றுநோய். அதற்குக் கீமோ ஒரு பக்கம் நடக்க, எலும்பைக் காக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 'எலும்பு ஊசி' போடுவார்கள். பெரும்பாலும் அது சோலெட்ரானிக் ஆசிட், 4 மி.கி. டிரிப் ஏறுவது கால் மணி நேரம். அதற்கு முன் பார்க்க வேண்டியதுதான் அதிகம்.

முதலில் பல். ஊசி தொடங்கிய பின் பல் பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியத் தொடங்கலாம். அரிதுதான், வந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். சொத்தை, ஆடும் பல் எல்லாவற்றையும் முன்பே முடித்து, புண் ஆறிய பிறகே முதல் டோஸ். பிற்பாடு பல்வலி வந்தால் பல் டாக்டரிடம் இந்த ஊசியின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ரூட் கெனாலில் காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும்; போன மாத ரிப்போர்ட் உதவாது. அதிலிருந்து கணக்கிடும் கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம், 60-க்கு மேல் இருந்தால் முழு 4 மி.கி., 40-களில் 3.3, 30-களில் 3. முப்பதுக்குக் கீழே இந்த மருந்து வேண்டாம். அப்போது டெனோசுமாப் என்ற வேறொரு எலும்பு ஊசியை 120 மி.கி. தோலடியில் போடுவார்கள். அது சிறுநீரகத்தைத் தொடாது, ஆனால் கால்சியத்தைச் சட்டென்று இறக்கும். உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ விரல் இழுத்தாலோ உடனே சொல்லுங்கள். டெனோசுமாபை இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. நிறுத்திய சில மாதங்களில் முதுகெலும்பு நொறுங்கிய கேஸ்கள் உண்டு.

கால்சியம் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 2.5 என்றால், 8 என்று வரும் கால்சியம் உண்மையில் 9.2-க்குச் சமம்: ஆல்புமின் 4-லிருந்து குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.8 கூட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள்.

பாட்டில் லேபிளையும் ஒரு முறை படியுங்கள். இதே மருந்து 5 மி.கி. பாட்டிலாகவும் வருகிறது, அது எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை போடுவது. கலப்பது 100 மி.லி. சலைனில், ரிங்கர் லாக்டேட்டில் அல்ல; அதில் கால்சியம் இருக்கிறது. கூட்டமான நாளில் "சீக்கிரம் ஓடட்டும்" என்று டிரிப்பைத் திறந்துவிடுவது சிறுநீரகத்துக்கு அடி. 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

முதல் டோஸுக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். அடுத்த டோஸ்களில் குறையும். ஆனாலும் கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி என்றால் ஊசியின் மேல் பழிபோடாமல், பாரசிட்டமால் கொடுக்கும் முன்பே வார்டுக்குப் போன் செய்யுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கூடவே கூடாது. மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

நோய் அடங்கிய பின்னும் சி.டி.யில் எலும்பு ஓட்டைகள் அப்படியே தெரியும். எலும்பு கட்டும் செல்களை நோய் முடக்கிவிடுவதால் அவை எளிதில் நிரம்பாது. சாதாரண எலும்பு ஸ்கேன் இந்த நோயைத் தவறவிடுவதற்கும் அதுவே காரணம். பழைய ஓட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம். கால் திடீரென்று வலுவிழந்தாலோ சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ மட்டும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். முதுகுத் தண்டுவடம் அழுந்தியிருக்கலாம்; அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், ராத்திரியானாலும்.