சைக்ளிக் ஏ.எம்.பி. கதவைத் திறப்பதில்லைங்க

"அட்ரினலின் வந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், அது எஃப் சேனலைத் திறக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும்." முதலாமாண்டு மருத்துவ மாணவர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நடுவில் இருக்கிற 'திறக்கும்' என்ற வார்த்தை தப்பு. எஃப் சேனல் என்பது இதயத் துடிப்பைக் கிளப்பும் செல்களின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் கதவு. அந்தச் சேனலைத் திறப்பது மின்னழுத்தம். செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. செய்வது வேறு வேலை.

நம்ம பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் தொங்குமல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கினால் ஃப்ளோட் சாயும், மோட்டார் ஓடும். ஃப்ளோட்டின் கயிற்றைச் சித்தெ மேலே தூக்கிக் கட்டினால், தொட்டி முக்கால் இருக்கும்போதே மோட்டார் ஓடிவிடும். மோட்டாரை ஓட விடுவது அப்போதும் தண்ணீர் மட்டம்தான். மாறியது எந்த மட்டத்தில் என்பது மட்டும்.

துடிப்பைத் தொடங்கி வைக்கும் எஸ்.ஏ. நோட் செல்லில் தண்ணீர் மட்டத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம். ஒரு துடிப்பு முடிந்ததும் அது −60 மில்லிவோல்ட் பக்கம் இறங்குகிறது. மற்ற சேனல்கள் பலவும் மின்னழுத்தம் ஏறினால் திறக்கும், எஃப் சேனலை ஆக்கும் ஹெச்.சி.என்.4 புரதமோ அது இறங்கினால் திறக்கும். சோடியம் மெதுவாக உள்ளே வரும், அழுத்தம் −40 பக்கம் ஏறும், கால்சியம் சேனல்கள் அடுத்த துடிப்பைக் கிளப்பும். எஃப் மின்னோட்டம் எனப்படும் இந்த விசித்திரமான மின்னோட்டம் அட்ரினலினுக்கு எப்படி மசிகிறது என்பதை பிரவுன், டிஃப்ரான்செஸ்கோ, நோபிள் மூவரும் 1979-இல் எழுதினார்கள்.

சேனலின் நான்கு துணையலகுகளுக்கும் செல்லின் உட்பக்கம் ஒவ்வொரு வால் உண்டு. சைக்ளிக் ஏ.எம்.பி. ஒட்டும் இடம் அங்கேதான். வெறுமனே இருக்கும்போது அந்த வால் ஒரு பிரேக், சைக்ளிக் ஏ.எம்.பி. ஒட்டினால் பிரேக் தளரும். வாலை வெட்டியெடுத்த சேனல் சைக்ளிக் ஏ.எம்.பி. இல்லாமலேயே தளர்ந்த சேனலைப் போல நடப்பது இதற்குச் சாட்சி. பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் என்ற நொதி இதற்குத் தேவையில்லை, சைக்ளிக் ஏ.எம்.பி. நேரடியாகவே ஒட்டுகிறது என்று 1991-இல் காட்டப்பட்டது. விளைவு: எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு சேனல் திறக்கும் என்று காட்டும் வளைகோடு 10 முதல் 15 மில்லிவோல்ட் நேர்ப்பக்கம் நகர்கிறது. அதே −60-இல் இப்போது அதிகச் சேனல்கள் திறந்திருக்கும்.

இத்தனூண்டு நகர்வா என்று கேட்கலாம். ஹெச்.சி.என்.4 புரதத்தில் 672-ஆம் இடத்து செரின் ஆர்ஜினினாக மாறிய ஒரு இத்தாலியக் குடும்பம் உண்டு. நகர்வு எதிர்ப்பக்கம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். மாற்றம் உள்ளவர்களுக்கு நாடி சராசரி 52, இல்லாத உறவினர்களுக்கு 73.

இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதே கயிற்றைக் கீழே இறக்குகிறது. வரிசை இது: நரம்பு விடும் அசிட்டைல்கோலின், அது ஒட்டும் எம்-2 ஏற்பி, செய்தியைக் கடத்தும் ஜி-ஐ புரதம், பிறகு சைக்ளிக் ஏ.எம்.பி. குறைவு. பொட்டாசியம் சேனலையும் அசிட்டைல்கோலின் திறக்கும். ஆனால் முயல் செல்களில் அதற்குத் தேவையான அளவில் இருபதில் ஒரு பங்கே எஃப் மின்னோட்டத்தைக் குறைக்கப் போதும். தோட்டத்துக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடம்பில் ஏறினால், அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கி, நாடி இறங்குவது இந்த வழியில்தான். அட்ரோப்பின் எம்-2 ஏற்பியை அடைக்கிறது, அதனால் ஏறுகிறது. ஒரு எச்சரிக்கை: அதே விஷம் நிக்கோட்டினிக் ஏற்பிகளையும் தூண்டுவதால் சிலருக்கு நாடி வேகமாகவும் இருக்கும். நாடி வேகமாக இருக்கிறதே என்று விஷத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

பாடத்தில் அரை வரிகூட வராத இன்னொரு மூலக்கூறு பிப்-2. செல் சவ்வின் உட்புறத்திலேயே இருக்கும் கொழுப்பு அது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சாராமல், அதுவும் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிறது, ஏறக்குறைய 20 மில்லிவோல்ட். பேட்ச் கிளாம்ப் (கண்ணாடிக் குழாயைச் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறை) செய்கிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். சவ்வுத் துண்டைப் பிய்த்தெடுத்த சில நிமிடங்களில் பிப்-2 போய்விடும், வளைகோடு எதிர்ப்பக்கம் சரியும். அதைப் பார்த்துவிட்டு "சேனல் செத்துப்போச்சு" என்று செல் தட்டை மாற்றுகிறார்கள். சாகவில்லை; இன்னும் இறக்கமான மின்னழுத்தத்தில் திறக்கக் காத்திருக்கிறது. முழுச்செல் பதிவிலோ, பிப்பெட் கரைசல் உள்ளே கலந்து சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கழுவிவிடும். ஆம்போட்டெரிசின்-பி போட்டுத் துளையிடும் முறையில் அது செல்லுக்குள்ளேயே தங்கும். அட்ரினலின் விளைவைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த முறைதான்.

எஃப் மின்னோட்டத்தை அளக்க, செல்லை −35 மில்லிவோல்ட்டில் வைத்து, −40 முதல் −130 வரை பத்துப் பத்தாக இறக்குங்கள். −70 பக்கத்துப் படிகளுக்குப் பல விநாடி கொடுக்க வேண்டும், ஹெச்.சி.என்.4 அவ்வளவு மெதுவாகத் திறக்கும். அரை விநாடியில் வெட்டினால், பாதி திறக்கும் மின்னழுத்தம் இல்லாத இறக்கத்தைக் காட்டும். அறை வெப்பத்தில் இன்னும் மோசம். செல் மூழ்கியிருக்கும் கரைசலை 35 டிகிரியில் வையுங்கள். முதலில் பேரியம் 1 மில்லிமோலார் விட்டுப் பொட்டாசியத்தின் உள்மின்னோட்டத்தை அடைக்கவும், எஃப் மின்னோட்டம் அதில் பெரிதாக அசையாது. கடைசியில் எஃப் மின்னோட்டத்தை அடைக்கச் சீசியம் 2 மில்லிமோலார். மெதுவாக வளர்கிற பகுதி அதில் மறைய வேண்டும். படி விழுந்த கணமே தோன்றி, வளராமல் தட்டையாக நிற்கிற ஒன்று மிச்சமிருந்தால், சேனலைச் சந்தேகிக்கும் முன் சீல், அதாவது பிப்பெட்டும் சவ்வும் ஒட்டிய இடம், கசிகிறதா என்று பாருங்கள்.